உங்கள் பாட்டியின் தாராள மனசை நினைத்தால் எது முதலில் ஞாபகம் வருகிறது?

அவர் சொன்ன சாக்குகள். என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, எதையும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. வாங்குகிறவர் தலை குனியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கையில் இருக்கும். அதற்குப் பிறகுதான் அரிசியோ பணமோ வெளியே வரும்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடையில் இருக்கிறது. கொஞ்சம் நெல், மிச்சமெல்லாம் தென்னை. தோப்பில் வேலை இருந்தால்தான் பல வீடுகளில் உலை கொதிக்கும். எந்த வீட்டில் கொதிக்கவில்லை என்பது அப்பாயிக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஒருமுறை கேட்டதற்கு, "காலையிலேருந்து அந்த வீட்டுல புகையக் காணுமேடா" என்றார்.

அரிசியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்க மாட்டார். "கீத்து முடைய ஆள் வரலடி, செத்த வந்துட்டுப் போ" என்று அந்தப் பெண்ணைக் கூப்பிடுவார். கொல்லையில் முடைந்த கீற்று ஏற்கெனவே அடுக்கிக் கிடக்கும். அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனாலும் மட்டையைக் கிழித்து, ஊறப்போட்டு, மறுநாள் உட்கார்ந்து முடைவார். முடைந்தது வேலை, வாங்கியது கூலி. போகும்போது முறத்தில் அரிசி வரும். "புது அரிசி, சோறு குழையுதான்னு வடிச்சுப் பாத்துச் சொல்லு" என்பார். மறுநாள் அந்தப் பெண் வந்து, குழைகிறது, கஞ்சியைச் சீக்கிரம் வடிக்க வேண்டும் என்று சொல்ல, அப்பாயி அதை அக்கறையாகக் கேட்டுக்கொள்வார்.

பேரன் பேத்திகள் நாங்கள் வீட்டில் இருக்கும்போதே, கடுதாசி படிக்க அடுத்த தெருப் பையனைத்தான் கூப்பிடுவார். படித்து முடித்ததும் அவன் கையில் பணம் வைப்பார். பரீட்சைக்குக் கட்ட வேண்டிய பணம் அது என்று வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுத்ததை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், "வச்சுக்கோ, வேண்டாம்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. கைமாற்றாக வாங்கிய ஒரு உழக்கு அரிசி திரும்பி வந்தாலும் பாத்திரத்தை நீட்டி வாங்கிக்கொள்வார். எனக்கு அது கொஞ்சம் கறாராகத் தோன்றும். ஒருநாள் கேட்டேன். "அவ கடனை அடைக்க வந்திருக்கா. வேண்டாம்னு நான் சொன்னா அது பிச்சையாப் போயிரும்டா" என்றார். இதைவிட நுட்பமாக யோசித்துக் கொடுத்த ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒரு தடவை சொன்னார். 1952 புயல் தஞ்சாவூர்ச் சீமையைப் புரட்டிப் போட்டபோது அவர் சிறுமி. வீடு போய்விட்டது. வசதியான ஒரு வீட்டு வாசலில் அம்மாவோடு பாத்திரம் ஏந்தி நின்றிருக்கிறார்கள். அவர்களும் குறைவில்லாமல்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் யார் யாருக்குப் போட்டோம் என்பதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்களாம். "அரிசி அன்னிக்கே தீந்துபோச்சு, அந்தப் பேச்சு தீரல" என்றார் அப்பாயி. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்புறம் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து எங்கள் பகுதி வழியாகத்தான் போனது. விடிந்தபோது தோப்பு இல்லை. பாதி மரம் வேரோடு சாய்ந்திருந்தது, மீதி கொண்டை முறிந்து நின்றது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அப்பாயி அழுதாரா என்று தெரியாது, அவர் அதற்குள் கொல்லையில் கல் கூட்டி அண்டாவை ஏற்றிவிட்டார். மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாது, தண்ணீருக்கு அடிபம்புதான். குடிசை பறந்துபோனவர்களைப் பார்த்து அப்பாயி, "எங்க வீட்டுல உலை வைக்க ஆள் பத்தல, வந்து ஒரு கை குடுங்க" என்றார். வந்தவர்கள் தண்ணீர் அடித்தார்கள், விறகு ஒடித்தார்கள், காய் அரிந்தார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். யாரும் யாருக்கும் சோறு போடவில்லை.

நிவாரண லாரிகள் வர ஆரம்பித்தபோது ஒரு காட்சி எனக்குப் பொறுக்கவில்லை. மேலே நின்று ரொட்டிப் பொட்டலங்களை எறிவார்கள், கீழே கூட்டம் முட்டி மோதும். எறிந்த பிள்ளைகளைக் குறை சொல்ல மனமில்லை, எங்கிருந்தோ தூக்கம் கெட்டு வந்தவர்கள். அப்பாயி நடுரோட்டில் போய் நின்று ஒரு லாரியை நிறுத்தினார். "எறியாதீங்க தம்பி, இறங்கிவந்து கையில குடுங்க" என்றார். அவர்கள் இறங்கினார்கள். சாமான்களைத் தெருப் பெண்களிடம் கொடுத்து, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வைத்தார்கள்.

கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்களுக்கும் எங்கள் கொல்லையில்தான் மதியச் சாப்பாடு. வெட்கப்பட்டு எழுந்தவர்களிடம், "நீங்க தெம்பா இருந்தாத்தானே எனக்குச் சீக்கிரம் லைட்டு எரியும்" என்று இன்னொரு கரண்டி வைப்பார்.

விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. விழுந்ததை அறுத்து அப்புறப்படுத்தவும் அதில்தான் செலவு செய்ய வேண்டும். நெட்டை ரகம் புதிதாக நட்டால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அப்பாயி நல்ல நெற்றாகப் பொறுக்கி வேலியோரம் பதியம் போட்டார். எங்களுக்குத் தேவையானதைவிட நிறையப் போட்டார். முளைத்ததும், மரம் இழந்து கன்று வாங்க வழியில்லாதவர்களைக் கூப்பிட்டு, "இடமில்லாமப் போட்டுட்டேன், நெருக்கமா நின்னா வீணாப்போகும், ரெண்டு எடுத்துட்டுப் போயேன்" என்றார்.

கன்றுகள் இடுப்பு உயரம் வந்தபோது அவர் காலமானார். காரியம் முடிந்த பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் வெண்கலப் பானையைக் கொண்டுவந்தார், ஒருவர் முடிச்சுப் போட்ட பணத்தை. கீற்று முடைகிற அக்கா ஒரு படி அரிசியோடு வந்தார். யாரிடம் என்ன கொடுத்திருந்தார் என்று எங்களுக்கு எதுவும் தெரியாது, எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அந்த அக்கா இருக்கிற நிலைமைக்கு அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்பா என்னைத் தடுத்தார். உள்ளே போய்ப் பாத்திரம் எடுத்துவந்து, ஒரு மணி சிந்தாமல் வாங்கிக்கொண்டு, "சரியா இருக்கும்மா" என்றார். அப்புறம், வேலிக்குக் கீற்று வேண்டும், அடுத்த வாரம் வரமுடியுமா என்று கேட்டார்.