ஸ்கீ தெரியாமல் செயின்ட் மோரிட்ஸ் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நாங்கள் சுவிட்சர்லாந்தில், வின்டர்தூரில் இருக்கிறோம். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவரும் செயின்ட் மோரிட்ஸ் பக்கம் பனிச்சறுக்கு கற்றுத்தரும் ஸ்கீ பள்ளியில் சேர ஆசைப்படுகிறார்கள். எனக்கும் கணவருக்கும் ஸ்கீ தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. அப்போது மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். அப்பாவுக்கு எழுபது வயது, நன்றாக நடப்பார், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. அலுவலகத்தில் சொன்னால், "ஸ்கீ போடாமல் அங்கே என்ன செய்வீர்கள்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். செயின்ட் மோரிட்ஸ் இருக்கும் எங்கடின் பள்ளத்தாக்கைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன். பிள்ளைகளை மட்டும் பள்ளி முகாமில் அனுப்பிவிடலாமா, குடும்பமாகவே போகலாமா?

ச., வின்டர்தூர்

அன்புள்ள ச.,

குடும்பமாகவே போங்கள். அப்பா அம்மாவுக்காகவே போகலாம் என்றுகூடச் சொல்வேன்.

உங்கள் அலுவலக நண்பர்கள் கேட்ட கேள்விக்கு அந்த ஊரின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. செயின்ட் மோரிட்ஸுக்குக் குளிர்காலத்தில் ஆட்கள் வரத் தொடங்கியபோது அங்கே ஸ்கீ என்பதே கிடையாது. 1864 இலையுதிர் காலத்தில் குல்ம் ஹோட்டல் நடத்திய யோஹான்னஸ் பத்ருத், ஊருக்குக் கிளம்பிய ஆங்கிலேய விருந்தினர்களிடம் பந்தயம் கட்டினார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. குளிர்காலத்தில் வந்து பாருங்கள், வெயிலில் வெறும் சட்டையோடு உட்காரலாம், பிடிக்கவில்லை என்றால் பயணச் செலவு என்னுடையது என்றாராம். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் ஈஸ்டர் வரை தங்கினார்கள். அவர்கள் நடந்தார்கள், வெயில் காய்ந்தார்கள். அப்புறம் வந்தவர்கள் உறைந்த ஏரியில் ஸ்கேட்டிங் செய்தார்கள், தெருவில் ஸ்லெட்ஜ் என்ற சறுக்கு வண்டி விட்டு உள்ளூர்க்காரர்களைப் பயமுறுத்தினார்கள். அந்தத் தெரு விளையாட்டை ஊருக்கு வெளியே நகர்த்தத்தான் 1880களில் க்ரெஸ்டா என்ற ஐஸ் பாதை உருவானது.

1928ல் குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடந்தபோதும், இன்று நாம் ஸ்கீ என்றதும் நினைக்கும் மலைச்சரிவுப் பந்தயம் பட்டியலில் இல்லை. அது ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1936ல்தான். ஆக, ஸ்கீ போடாதவர்கள் அந்த ஊரில் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் அல்ல, அந்த ஊருக்கு முதலில் வந்தவர்கள். இந்த நினைப்போடு போனால் திட்டம் போடும் விதமே மாறிவிடும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஒவ்வொரு நாளையும் வெயிலை வைத்துத் திட்டமிடுங்கள். அந்த ஊர் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மைனஸ் பதினைந்து இருப்பது அங்கே சாதாரணம். அந்த நேரத்தில் பெரியவர்களை வெளியே இழுக்க வேண்டாம். பிள்ளைகளை ஸ்கீ பள்ளியில் விட்டுவிட்டு வந்து நிதானமாகக் காலை உணவு சாப்பிடுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை உங்கள் நேரம். பள்ளத்தாக்கு அகலமானது, ஏரிகள் அதன் தரையிலேயே கிடக்கின்றன, அதனால் நடுப்பகலில் வெயில் தாராளமாக விழும். காற்றில் ஈரம் குறைவு, குளிர் எலும்புக்குள் இறங்காது.

அப்பாவுக்கு முதல் நடை ஸ்டாட்ஸ் ஏரிக்கு. செயின்ட் மோரிட்ஸிலிருந்து காட்டுக்குள் போகும் பாதை, பெரிய ஏற்றம் கிடையாது. குளிர்கால நடைபாதைகளில் பனியை அழுத்திச் சமன் செய்து வைத்திருப்பார்கள். இளஞ்சிவப்புப் பலகைகளைப் பார்த்துப் போனால் போதும், வழி தவறாது. ஊசியிலை மரங்களுக்கு நடுவே லார்ச் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். அவற்றின் வழியாகத்தான் வெயில் பாதையில் இறங்குகிறது. தொடர்ந்து நடந்தால் பொன்ட்ரெசினா என்ற ஊர் வரும், அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்பலாம். காலணியில் மாட்டும் முள் பட்டைகள் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கீ போட்டு விழுபவர்களைவிட, ஐஸ் படிந்த நடைபாதையில் சாதாரண ஷூவோடு வழுக்கி விழும் பெரியவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

அம்மாவுக்குப் பொன்ட்ரெசினாவிலிருந்து ரோசெக் பள்ளத்தாக்குக்குப் போகும் குதிரை வண்டி. பனியில் சறுக்கிப் போகும் வண்டி, போர்வை தருவார்கள். பள்ளத்தாக்கின் உட்கோடியில் ஒரு உணவகம் இருக்கிறது, எதிரே பனியாறு. அப்பா அதே பள்ளத்தாக்கில் நடந்து வரலாம், சுமார் ஏழு கிலோமீட்டர், திரும்பும்போது வண்டியில் சேர்ந்துகொள்ளலாம். விடுமுறை வாரத்தில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. சைவம் என்றால் சாப்பாட்டில் கேட்டுச் சாப்பிடுங்கள். அந்தப் பக்கத்து பார்லி சூப்பிலும், காப்புன்ஸ் என்ற கீரை உருண்டையிலும் பெரும்பாலும் உலர்ந்த இறைச்சி இருக்கும். அக்ரூட் பருப்பைச் சர்க்கரைப் பாகில் கிளறி உள்ளே வைத்த எங்கடின் கேக் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்களும் கணவரும் கட்டாயம் பார்க்க வேண்டியது பக்கத்து ஊரான செலரினாவுக்கு இறங்கும் பாப் ஸ்லெட் பாதை, அதாவது உட்கார்ந்து பாயும் பந்தய வண்டிகளுக்கான ஐஸ் பாதை. 1904லிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். கான்கிரீட் கிடையாது, குளிரூட்டும் குழாய் கிடையாது. பனியையும் தண்ணீரையும் குழைத்து, இத்தாலியின் தென் டிரோலிலிருந்து வரும் தொழிலாளர்கள் வளைவு வளைவாகக் கையால் செதுக்கி எடுக்கிறார்கள். 1,722 மீட்டர் நீளம். வசந்தத்தில் எல்லாம் உருகிப் போய்விடும். குதிரைலாடம் என்று பெயருள்ள வளைவின் பக்கம் போய் நில்லுங்கள். முதலில் எதுவும் தெரியாது. மேலே எங்கோ ஓர் உறுமல், காலடியில் லேசான அதிர்வு, பிறகு கண்ணெதிரே ஐஸ் சுவரில் செங்குத்தாக ஒரு வண்டி ஏறி மறையும். அது போன பிறகு அந்தச் சுவரைக் கவனியுங்கள். வண்டியின் தகடு கீறிய கோடுகள் நீல ஐஸில் கிடக்கும், உடனே ஒருவர் வந்து துடைப்பத்தால் அதைச் சரிசெய்வார். பாதையை ஒட்டியே நடந்து கீழே போகலாம்.

பக்கத்திலிருக்கும் க்ரெஸ்டாவில் தலை முன்னால் போகப் படுத்துக்கொண்டு பாய்வார்கள். அங்கே பெண்கள் இறங்குவதற்கு 1929ல் விதித்த தடை 2018ல்தான் விலகியது. இத்தனை காலம் வைத்திருந்தார்கள் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஒரு மேகமூட்டமான நாளை செகாந்தினி அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள், திறந்திருக்கும் நாட்களை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். ஜோவான்னி செகாந்தினி இந்த மலைகளையே வரைந்தவர். 1899ல், 41 வயதில், பொன்ட்ரெசினாவுக்கு மேலே உள்ள மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நோயுற்று இறந்தார். வாழ்வு, இயற்கை, மரணம் என்ற மூன்று பெரிய ஓவியங்கள் குவிமாடத்தின் கீழே இருக்கின்றன. மரணம் ஒரு பனிக்காட்சி. வீட்டிலிருந்து உடலை வெளியே கொண்டுவருகிறார்கள், குதிரை பூட்டிய ஸ்லெட்ஜ் காத்திருக்கிறது, மலைக்கு மேலே பெரிய மேகம் ஒளிர்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள். பனியில் வெள்ளை குறைவு. நீலம், ஊதா, மஞ்சள் எல்லாம் நூல் நூலாகப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்திருப்பார். மறுநாள் வெளியே நடக்கும்போது நிழலில் கிடக்கும் பனியை நீங்களே வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஒன்று வேண்டும் அல்லவா? ப்ரேடாவிலிருந்து பெர்கூன் வரை ஸ்லெட்ஜ் பாதை. குளிர்காலத்தில் மூடிவிடும் ஆல்புலா கணவாய்ச் சாலையையே ஸ்லெட்ஜுக்கு விட்டுவிடுகிறார்கள், ஆறு கிலோமீட்டர். கீழே இறங்கியதும் சிவப்பு ரயிலில் ஏறி மறுபடி மேலே வரலாம். வாடகைக்கு ஸ்லெட்ஜ் கிடைக்கும். குதிகாலை ஊன்றி வேகம் குறைக்கப் பழகிய பிறகு இறங்குங்கள், ஹெல்மெட் எல்லோருக்கும். அம்மா அப்பா ரயிலிலேயே இருக்கட்டும். அந்த ரயில் பாதை சுழல் சுரங்கங்களுக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதால் அவர்களுக்கும் ஜன்னலோரம் நல்ல வேடிக்கைதான்.

முவோட்டாஸ் முராகல் வரை, அதாவது 2,456 மீட்டருக்கு, கம்பிவடத்தில் இழுக்கும் பழைய மலை ரயில் போகிறது. மேலிருந்து ஏரிகள் வரிசையாகத் தெரியும். ஆனால் அதை மூன்றாவது நாளுக்கு வையுங்கள், அப்பா அதற்குள் உயரத்துக்குப் பழகட்டும். கிளம்புமுன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி ஐந்து பேருக்கும், இல்லை, ஆறு பேருக்கும் வாங்குங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கடுமையானது.

தங்குவதற்கு செயின்ட் மோரிட்ஸ் விலை அதிகம். பொன்ட்ரெசினாவில் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இளைஞர் விடுதி இருக்கிறது, குடும்ப அறைகளும் உண்டு. இப்போதே கேட்டுப் பாருங்கள். போய் வந்ததும் எழுதுங்கள். அந்த மூன்று ஓவியங்களில் அப்பாவுக்கு எது பிடித்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.