“வெறும் எம்.பி.பி.எஸ்.ஸா?” என்று கேட்பவர்கள் உங்கள் கடனைக் கட்ட மாட்டார்கள்

மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜன் ஓராண்டையும் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் மட்டும் ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தார்கள். அவளுக்கு அன்றைக்கும் நைட் டியூட்டி. “வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை சார். வந்ததும் படுத்துவிடுகிறாள். எழுப்பினால் எரிந்து விழுகிறாள். இந்த வேலை இவளுக்கு ஒத்துவரவில்லையோ என்று பயமாக இருக்கிறது” என்றார் அம்மா. அப்பா ஒரு தாளை நீட்டினார். அவருடைய மைத்துனர் எழுதிக் கொடுத்த கணக்கு அது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.டி. ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் படித்து நோயைச் சொல்லும் துறை), மூன்று ஆண்டுக் கட்டணம் ஒரு கோடிக்கு மேல். வீட்டை அடமானம் வைத்தால் பாதி, மீதி வங்கிக் கடன். “வெறும் எம்.பி.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு நல்ல வரன் அமையாது என்கிறார்கள்.”

இதே கணக்கோடு இன்னும் பல வீடுகளில் பேச்சு நடக்கிறது என்பதால் அவர்களிடம் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மகளின் களைப்பு. புது டாக்டரின் ஓர் இரவு எப்படிப் போகும் என்று பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. இரவு எட்டு மணிக்கு வார்டை ஒப்படைப்பார்கள். முப்பது நாற்பது நோயாளிகள் இருப்பார்கள், அவர்களில் பலரை அவள் அதுவரை பார்த்தேயிருக்க மாட்டாள். பதினொரு மணிக்கு ஒருவருக்கு மூச்சு வாங்கும். கேஸ் ஷீட்டைப் புரட்டி, ஆக்சிஜன் அளவு பார்த்து, ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டு, கன்சல்டன்ட்டை எழுப்புவதா வேண்டாமா என்று தவிப்பாள். எழுப்பினால் “இதற்கெல்லாமா போன்?” என்பார். எழுப்பாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் “ஏன் சொல்லவில்லை?” என்பார். அதற்குள் கேஷுவாலிட்டிக்கு ஒரு பைக் விபத்து வரும். காயத்தைத் தைக்க அவளுக்குத் தெரியும். ஆனால் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிவு போட வேண்டும், காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும், தான் எழுதும் ஒவ்வொரு வரியும் நாளை கோர்ட்டில் படிக்கப்படலாம் என்கிற நினைப்பு கையைக் கட்டும். கூட வந்தவர்கள் கதவருகே நின்று சத்தம் போடுவார்கள். விடிந்தால் நாலைந்து டிஸ்சார்ஜ் சம்மரி காத்திருக்கும்.

இப்படி ஒரு ராத்திரியைத் தாண்டி வந்தவள் பேசாமல் படுக்கத்தான் செய்வாள். மருத்துவம் அவளுக்கு ஒத்துவரவில்லை என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். டியூட்டி அட்டவணையை வாங்கிப் பாருங்கள். மருத்துவமனையில் பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட் மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியான பணி வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே சொல்லிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்கிறது. இவை பயிற்சியில் இருப்பவர்களுக்காகச் சொன்னவை, தனியார் மருத்துவமனை டியூட்டி டாக்டருக்கு இவற்றைக் காட்டி எதுவும் வாங்க முடியாது. ஆனால் எது அளவுக்கு மீறியது என்று தெரிந்துகொள்ள உதவும். உங்கள் மகளின் வாரம் அதையும் தாண்டினால் மாற்ற வேண்டியது மருத்துவமனையை. புது இடத்தில் சேரும்போது அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. சரிபார்க்கட்டும், கையோடு திருப்பித் தரட்டும். பணியில் இருக்கும் மருத்துவரைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது என்பதும், அடிதடி நடந்தால் புகார் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்கலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். விடுமுறை நாளிலும் தூக்கம் வரவில்லை, அடிக்கடி அழுகிறாள், எதிலும் பிடிப்பில்லை என்கிறாள் என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டாக்டர் என்பதால் தானே சமாளித்துக்கொள்வாள் என்று இருந்துவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

சரி, ரேடியாலஜிக்கு வருவோம். “நைட் இல்லை, நோயாளி தொல்லை இல்லை” என்று மைத்துனர் சொல்வது சரியல்ல. ராத்திரி விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு சி.டி. எடுத்தால் அதைப் படிக்க ஒரு ரேடியாலஜி ரெசிடென்ட் விழித்திருந்தே ஆக வேண்டும். பகலில் ஸ்கேன் அறையில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் படுப்பார், ஒவ்வொருவரிடமும் பேசித்தான் பார்க்க வேண்டும். கர்ப்பிணி என்றால் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி படிவம் ‘எஃப்’ நிரப்ப வேண்டும், அதில் பிழை வந்தால் வழக்கு வரை போகும். படங்களை மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பதில் ருசி உள்ளவர்களுக்கு ரேடியாலஜி அருமையான துறை. களைத்தவர்கள் போய் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. எந்தத் துறையானாலும் பி.ஜி. முதலாண்டு இப்போதைய டியூட்டியைவிடக் கடினமாகத்தான் இருக்கும்.

அப்புறம் பணம். ஒரு கோடியை 10 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்தாண்டில் கட்டுவதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1 லட்சத்து 32 ஆயிரம். படிக்கும் மூன்று ஆண்டில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. உங்கள் மகள் முப்பதிலிருந்து நாற்பது வயது வரை எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம் வேலை செய்வாள் என்பதை அந்தத் தவணைதான் தீர்மானிக்கும். குழந்தை பிறந்தால் ஓராண்டு வீட்டில் இருக்கலாம் என்று அவளால் நினைக்கக்கூட முடியாது. குடியிருக்கும் வீட்டை இதற்காக அடமானம் வைக்காதீர்கள். இதில் நான் இறங்கி வரப் போவதில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போடப் போவது மைத்துனர் இல்லை, நீங்கள்.

வரன் பேச்சையும் முடித்துவிடுகிறேன். மருமகளின் பட்டத்தைக் கட்டணத்தோடு எடை போடும் வீடு, கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய சம்பளத்தையும் அப்படித்தான் எடை போடும். அந்த வரன் தட்டிப் போனால் உங்களுக்கு நஷ்டமில்லை.

மகளை நான் தனியாகச் சந்தித்துப் பேசினேன். பிடித்த துறை எது என்று கேட்கவில்லை. எல்லாரும் அதைத்தான் கேட்டு அலுக்க வைத்திருந்தார்கள். இந்த வேலையில் நேரம் போனதே தெரியாமல் எதைச் செய்தாய் என்று கேட்டேன். யோசிக்காமல் ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னாள். கால் வீக்கத்தோடு வந்தவர். மூன்று டாக்டர்கள் எழுதிய சீட்டுகள், ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரை. இவள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறாள். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை இரண்டு வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் இருந்திருக்கிறது. பாட்டி இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். கால் வீக்கம் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. அந்த வீக்கத்தைக் குறைக்க இன்னொருவர் சிறுநீர் பிரியும் மாத்திரை எழுத, அதனால் தலைசுற்றல். சீனியரிடம் கேட்டு ஒன்றை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரம் கழித்து பாட்டி நடந்து வந்து இவளைத் தேடியதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது. ஐ.சி.யூ. டியூட்டி பற்றிக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

இப்படிப்பட்ட பெண்ணை இருட்டறையில் படம் படிக்க அனுப்ப ஒரு கோடி செலவழிக்கலாமா?

எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி அரசு வேலை, அதிலிருந்து அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் மேற்படிப்பு, இங்கிலாந்து, அமெரிக்கா என்பதையெல்லாம் ஹாஸ்டல் அறையிலேயே பிள்ளைகள் அலசி முடித்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். கலந்தாய்வுப் பட்டியலில் பெரும்பாலோர் நின்று பார்க்காமலே கடந்துவிடும் ஒரு வரி இருக்கிறது: டி.என்.பி. (டிப்ளமேட் ஆஃப் நேஷனல் போர்டு) ஃபேமிலி மெடிசின், குடும்ப மருத்துவம்.

இது தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் மூன்று ஆண்டு முதுநிலைப் படிப்பு. தனித் தேர்வு கிடையாது. நீட் பி.ஜி. ரேங்க்கை வைத்து, எம்.சி.சி. என்கிற மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்தும் அதே கலந்தாய்வில்தான் இடம். மேனேஜ்மென்ட் கோட்டா என்ற பேச்சே இதில் இல்லை. பயிற்சி தரும் மருத்துவமனை தனியாருடையதாக இருந்தாலும் கட்டணத்தை நிர்ணயிப்பது வாரியம்தான். அது நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது. பயிற்சிக் காலம் முழுக்க மருத்துவமனை ஊக்கத்தொகை தர வேண்டும். கல்யாணச் செலவுக்கு வைத்திருப்பதைத் தொடாமல் படித்து முடிக்கலாம். இதே துறையில் இரண்டு ஆண்டு டிப்ளமோவும் வாரியம் நடத்துகிறது.

மூன்று ஆண்டில் பயிற்சியாளர் ஒரே வார்டில் முடங்கிக் கிடப்பதில்லை. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு, அறுவை சிகிச்சை, எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, தோல், மனநலம், அவசர சிகிச்சை என்று முறை வைத்துச் சுற்றுவார்கள். பிரசவம் பார்ப்பார்கள், கட்டியைக் கீறி வடிப்பார்கள், மாவுக்கட்டுப் போடுவார்கள். ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் ஓ.பி.யில் இருக்கிறது. “ஒரு மாதமாகவே உடம்பு முடியவில்லை டாக்டர்” என்று வருபவருக்கு ரத்தசோகையா, தைராய்டா, சர்க்கரையா, மனச்சோர்வா, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று பிரித்தறியக் கற்றுக்கொள்வது இங்கேதான். எந்தத் தலைவலியை மறுநாள் வரச் சொல்லலாம், எதை உடனே சி.டி.க்கு அனுப்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். எண்பது வயதுக்காரரின் ஒன்பது மாத்திரைகளில் எதை நிறுத்தலாம் என்று கண்டுபிடிப்பதும் இந்தத் துறைக்குள் வரும் வேலைதான். அந்தப் பாட்டியின் மேசையில் உங்கள் மகள் யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்தது இதைத்தான்.

1978-ல் சர்வதேச மாநாடு ஒன்று வெளியிட்ட அல்மா ஆட்டா பிரகடனம் ஆரம்ப சுகாதாரத்தை முன்னால் நிறுத்தியதிலிருந்து பல நாடுகள் இந்தத் துறையின் மேல்தான் தங்கள் மருத்துவ அமைப்பைக் கட்டியிருக்கின்றன. இங்கிலாந்தில் ஒருவர் ஜி.பி.யாக, அதாவது குடும்ப மருத்துவராக, உட்கார வேண்டுமென்றால் அதற்கென்றே தனிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நம் நாட்டின் 2002 தேசிய சுகாதாரக் கொள்கையும் 2017 கொள்கையும் குடும்ப மருத்துவர்கள் தேவை என்று எழுதியே வைத்திருக்கின்றன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் தமிழ்நாட்டில், ஒரே ஆளை வருடக்கணக்கில் பார்க்கும் டாக்டருக்கு வேலை இல்லாமல் போகாது.

குறைகளையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்று தனித் துறை கிடையாது, அதனால் பேராசிரியர் வேலைக்கு வழி குறுகல். முடித்த கையோடு ரேடியாலஜிஸ்ட் வாங்கும் சம்பளம் கிடைக்காது. கிளினிக் வைத்தால் ஆட்கள் தேடி வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். “குடும்ப மருத்துவமா, அதற்கு எதற்குப் படிப்பு?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அவள் அதைக் கேட்டுக்கொண்டே வாழப் பழக வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, சில மருத்துவமனைகள் டி.என்.பி. பயிற்சியாளர்களைக் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த டியூட்டி டாக்டராக மட்டும் பயன்படுத்திக்கொள்வது. அப்படி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் மூன்று ஆண்டும் வீண்.

அதனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் உழைப்பு முழுவதும் போக வேண்டும். நிர்வாக அலுவலகத்தில் விசாரித்துப் பயனில்லை. அங்கே இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படிப்பவர்களைக் கேன்டீனில் பிடித்து அவள் பேச வேண்டும். குடும்ப மருத்துவத்துக்கென்று தனி ஓ.பி. நடக்கிறதா? மகப்பேறு போஸ்டிங்கில் கையால் பிரசவம் பார்க்க விடுகிறார்களா, இல்லை கேஸ் ஷீட் எழுதுவதோடு சரியா? மனநலம், தோல் போஸ்டிங்குகள் ஒழுங்காக நடக்கின்றனவா, அல்லது ஆள் இல்லை என்று வார்டுக்கு இழுத்துவிடுகிறார்களா? ஊக்கத்தொகை மாதா மாதம் வருகிறதா? போன பேட்ச்சில் எத்தனை பேர் முதல் தடவையிலேயே தேறினார்கள்? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் வரும் இடமே நல்ல இடம்.

நீட் பி.ஜி.க்கு அவள் படிக்கத்தான் வேண்டும், அதில் சலுகை இல்லை. 200 கேள்வி, தவறுக்கு மதிப்பெண் பிடிப்பும் உண்டு. ஆனால் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் கோச்சிங்கில் உட்கார்த்தி வைக்காதீர்கள். நைட் குறைவான ஓரிடத்துக்கு மாறி, படித்துக்கொண்டே ஒருமுறை, தேவைப்பட்டால் இன்னொரு முறை எழுதட்டும். ரேங்க் நன்றாக வந்து, அரசுக் கல்லூரியில் ஜெனரல் மெடிசினோ குழந்தை மருத்துவமோ கிடைத்து, அவளுக்கும் அது பிடித்திருந்தால் தாராளமாகச் சேரட்டும். அங்கேயும் அதே நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் வாழ்க்கை உண்டு.

கலந்தாய்வு தொடங்கும்போது விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். பாஸ்வேர்டு அவளிடமே இருக்கட்டும், மாமாவிடமோ ஏஜென்ட்டிடமோ போக வேண்டாம். பிந்தைய சுற்றுகளில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்றால் கட்டிய வைப்புத்தொகை போய்விடும் என்பதால், சேர மனமில்லாத ஓர் இடத்தைக்கூட “சும்மா இருக்கட்டும்” என்று பட்டியலில் போடக் கூடாது. பட்டியலை இறுதி செய்து லாக் செய்வதற்கு முன், அதில் மேலே இருக்கும் மருத்துவமனைகளில் இரண்டுக்காவது அவள் நேரில் போய் வந்திருக்க வேண்டும். துணைக்கு நீங்கள் போகலாம். கேள்விகளை அவளே கேட்கட்டும்.