எல்லாருமே ‘திருப்தி’ன்னா கேள்வியிலதான் கோளாறு

காரைக்குடிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல எடுத்த கருத்துக்கணிப்புல எல்லாரும் ‘திருப்தி’ன்னே டிக் போட்டிருக்காங்க, கேள்வியை எப்படி மாத்துறதுன்னு கேட்டிருந்தீங்க. மாத்திரை தர்ற நர்ஸம்மா பக்கத்துல நிக்கும்போது எந்த ஆச்சி குறை சொல்வாங்க? ஆஸ்பத்திரி ஆள் இல்லாம, வீட்டுத் திண்ணையில வச்சுக் கேளுங்க.

‘சிகிச்சையும் மரியாதையும் திருப்தியா?’ன்னு ரெண்டை ஒண்ணாக் கேட்டா பதிலைப் பிரிக்க முடியாது. நடந்ததைக் கேளுங்க: ‘கடைசியா போனப்ப, சீட்டு வாங்கி எவ்வளவு நேரம் கழிச்சு டாக்டரைப் பார்த்தீங்க? வெளிக்கடையில மருந்து வாங்கச் சொன்னாங்களா?’ மூணு மாசத்துக்கு முந்தினது வேண்டாம், ஞாபகம் குழம்பிடும்.

2021-ல வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீட்டிலேயே பிரஷர், சுகர் மாத்திரை வாங்குறவங்க பலர் சுகாதார நிலைய வாசலுக்கே வரமாட்டாங்க. அவங்களைத் தனியாத் தேடிப் போகணும்.

அச்சடிக்கிறதுக்கு முன்னாடி பத்துப் பேர்கிட்ட வாசிச்சு, கேள்வியை அவங்க பேச்சுல திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. தடுமாறுற இடத்துல வார்த்தையை மாத்துங்க.