மேந்தோன்னி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

கேள்வி: மேல்புறம் பக்கம் எங்கள் தென்னை விளையின் வேலியோரம் மேந்தோன்னி (செங்காந்தள்) 30 மூடு வைத்திருக்கிறேன். பூ நிறைய வருகிறது, காய் பிடிக்கவில்லை. இந்தப் பூவைப் பார்த்தால் கண்வலி வரும், வீட்டில் சண்டை வரும் என்று அம்மா பிடுங்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: பிடுங்க வேண்டாம். ஒரு பூவைத் திருப்பிப் பாருங்கள். இதழ்கள் ஆறும் மேலே மடங்கியிருக்கும். பச்சைச் சூலகத்தின் நுனியில் சூல்தண்டு நேராக இறங்காமல், ஒடித்து வைத்ததுபோல் பக்கவாட்டில் நீண்டிருக்கும். அதனால் பூவின் மகரந்தம் அதன் சூல்முடிக்கே (சூல்தண்டின் நுனி) எட்டுவது அரிது. கையால்தான் சேர்க்க வேண்டும். காலை 8 முதல் 11 மணிக்குள், வேறு கொடியின் பூவிலிருந்து வெடித்த மகரந்தப்பையைக் கிள்ளி, புதிதாக விரிந்த பூவின் மூன்று பிரிவான சூல்முடியில் தடவுங்கள். நன்றாகச் சிவந்த பழைய பூக்களுக்கு மெனக்கெட வேண்டாம். மழை பெய்யும் காலையில் தூள் ஒட்டாது, தெளிந்த நாளாகப் பாருங்கள். தென்னையின் அடர்நிழலில் நிற்கும் கொடிகளை அடுத்த நடவில் வெயில் பக்கம் மாற்றுங்கள்.

நடவு ஜூன், ஜூலையில். நம்மூர் மழைக்குத் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், மேட்டுப்பாத்தி அவசியம். 50 கிராமுக்குக் குறையாத கிழங்காக எடுத்து, லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் நனைத்து நடுங்கள். கலப்பைபோல் கவைத்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். இலை நுனியே பற்றுக்கம்பி என்பதால் கொடியை இழுத்துக் கட்டாதீர்கள். நட்ட 160 முதல் 180 நாளில் காய் பறிக்கலாம்.

பூவைப் பார்ப்பதால் கண்வலி வராது. முருகனுக்கு உகந்த கார்த்திகைப் பூ இதுதான், தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுதான். சண்டை மூட்டும் செடியை அப்படிக் கொண்டாடுவார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆனால் அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. செடி முழுவதும் கோல்சிசின் என்ற நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். சொல்லி வைத்ததால் குழந்தைகள் தொடாமல் இருந்திருப்பார்கள். கையாண்டபின் சோப்பு போட்டுக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள். ஆடு மாடு எட்டாதபடி வேலி இருக்கட்டும்.

அதே வேலியில் சமைத்துத் தின்னும் காச்சில் கிழங்குக் கொடியும் படர்ந்திருந்தால் உடனே ஒன்றைப் பிரித்துவிடுங்கள். தோண்டும்போது இந்தக் கிழங்கு காச்சில் கூடைக்குள் போனால் சமைத்தாலும் நஞ்சு போகாது. தவறித் தின்றவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதற்குக் காத்திராமல், மீந்த கிழங்குத் துண்டோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.