டிஸ்க் விளிம்பில் பிசிறு: எதைச் சுரண்டலாம், எதைத் தொடக் கூடாது

கேள்வி: டிஸ்க் கோல்ஃப் (தட்டையான டிஸ்க்கைக் கூடையை நோக்கி எறியும் ஆட்டம்) ஆடப் புதிதாக ஒரு டிரைவர், அதாவது தூரம் எறிவதற்கான டிஸ்க், வாங்கினேன். கெட்டியான பிரீமியம் பிளாஸ்டிக். விளிம்பின் உள்பக்க அடியோரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்று சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கிறது. பத்துப் பதினைந்து முறை எறிந்ததுமே ஆள்காட்டி விரலில் தோல் உரிந்துவிட்டது. லைட்டரால் லேசாகச் சுட்டால் போய்விடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? கத்தியால் சீவினால் டிஸ்க் பறக்கும் விதம் மாறிவிடுமா? போட்டியில் அதை அனுமதிப்பார்களா?

பதில்: லைட்டர் வேண்டாம். டிஸ்க் பிளாஸ்டிக் சூடு பட்டால் இளகும் வகை. தீ பட்ட இழை மறைந்துபோகாது, உருகி அங்கேயே சின்னச் சின்ன மணிகளாகத் திரண்டு இறுகும். அந்த மணிகள் பழைய இழையைவிட மோசமாக விரலைக் கிழிக்கும். கூடவே விளிம்பும் சூடாகி அந்த இடத்தில் கோணிக்கொள்ளலாம். ஒரு நிமிட வேலைக்காக டிஸ்க்கையே இழக்க வேண்டியதில்லை.

உங்கள் டிஸ்க்கில் இருப்பதைப் பட்டறைக்காரர்கள் பிசிறு என்பார்கள். டிஸ்க் ஆடுபவர்கள் ஃபிளாஷிங் என்கிறார்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தில் இரும்பு அச்சுக்குள் செலுத்தித்தான் டிஸ்க் செய்கிறார்கள். அச்சு ஒரே துண்டு இல்லை. துண்டுகள் சேரும் இடத்தில் முடியளவு இடைவெளி இருந்தாலும் பிளாஸ்டிக் அதற்குள் புகுந்து இழையாக உறைந்துவிடும். அச்சு தேய்ந்திருந்தாலோ, மூடும் விசை போதாமல் போனாலோ பிசிறு அதிகமாகும். ஆகவே உங்கள் டிஸ்க் போலியோ, பழுதானதோ என்று கவலைப்பட வேண்டாம். நல்ல அச்சிலிருந்தும் இப்படி வருவதுண்டு.

கையில் எதையாவது எடுக்கும் முன், பிசிறு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு எடுக்கலாம் என்பது முழுக்க இடத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் அது இரண்டு இடங்களில் வரும். ஒன்று, நீங்கள் சொல்லும் உள்பக்க அடியோரம், அதாவது ஆள்காட்டி விரல் பதியும் இடம். இங்கே இருக்கும் பிசிறு உங்கள் கைக்குத்தான் தொல்லை, பறப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை. தயங்காமல் எடுக்கலாம். இன்னொன்று விளிம்பின் வெளிமுனை, காற்றை முதலில் கிழிக்கும் மூக்குப் பகுதி. அச்சின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் கோடு பல டிஸ்க்குகளில் அங்கேதான் ஓடும். இதைப் பார்ட்டிங் லைன் என்பார்கள். இந்தக் கோடு டிஸ்க்கின் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்தே, ஒரே அச்சில் வந்த இரண்டு டிஸ்க்குகளில் எது அதிக ஓவர்ஸ்டேபிள் (வலக்கைக்காரர் பேக்ஹேண்ட், அதாவது புறங்கை முன்னே வர, எறிந்தால் இடப்பக்கம் வளையும் இயல்பு) என்று அனுபவசாலிகள் கணிப்பார்கள்.

அந்த மூக்கு தேய்ந்தால் டிஸ்க் அதற்கு நேர்மாறாக, அண்டர்ஸ்டேபிள் ஆகும். வலக்கைக்காரர் பேக்ஹேண்ட் எறிந்தால் வலப்பக்கம் புரளும். மரத்திலும் கல்லிலும் மாதக்கணக்கில் மோதிய பழைய டிஸ்க் அப்படித்தான் மாறுகிறது. மூக்கை உப்புத்தாளால் தேய்ப்பவர் அத்தனை மாதத் தேய்மானத்தையும் ஒரே மாலையில் கொடுத்துவிடுகிறார். ஆரம்ப நாட்களில் நானே அதைச் செய்தேன். வெளிமுனைக் கோடு கண்ணுக்கு உறுத்தலாக இருக்கிறதென்று 120 நம்பர் தாளால் சுற்றிலும் வழவழப்பாக்கினேன். எதிர்க்காற்றிலும் நேராகப் போய்க்கொண்டிருந்த டிஸ்க் அடுத்த வாரமே புரள ஆரம்பித்தது. போன பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அதே மாடலை இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. அதனால் வெளிமுனையில் துருத்திக்கொண்டிருக்கும் இழையை மட்டும் எடுங்கள், கோட்டையே அழிக்கப் பார்க்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். டிஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஒரு துளி பஞ்சை எடுத்து விளிம்பைச் சுற்றி மெல்ல இழுத்து வாருங்கள். பிசிறு இருக்கும் இடத்திலெல்லாம் பஞ்சு இழைகள் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குச் சுற்றிலும் இருப்பதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் கையைக் கிழிப்பது பல சமயம் நான்கைந்து அங்குல நீளம்தான். அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

முதல் கருவி உங்கள் கட்டைவிரல் நகம். மலிவான, மிருதுவான பேஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் நகமே பாதி வேலையை முடித்துவிடும். சில நாட்கள் எறிந்தாலே மீதியும் தேய்ந்துவிடும். உங்களுடையது பிரீமியம் பிளாஸ்டிக், அது தானாகத் தேய நெடுநாள் ஆகும். அதற்குச் சுரண்டல்தான் சரி.

சுரண்டுவது வேறு, சீவுவது வேறு. பழத்தோல் சீவுவதுபோலக் கத்தியைச் சாய்த்தால் அலகு ஏதோ ஓர் இடத்தில் விளிம்புக்குள் இறங்கிவிடும். அங்கே ஒரு பள்ளம் விழும். ஸ்டீல் ஸ்கேலின் ஓரம், கரண்டியின் ஓரம், கத்தியின் மழுங்கிய முதுகு, இவற்றில் எது கிடைத்தாலும் சரி. அதைப் பரப்புக்குச் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தாமல், ஒரே திசையில் இழுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விரல்கடை நீளம் போதும். அப்புறம் டிஸ்க்கைக் கொஞ்சம் திருப்பி அடுத்த பகுதிக்குப் போங்கள். இழை நூல்போலச் சுருண்டு வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். மாவுபோலத் தூளாகவோ சீவல்களாகவோ வந்தால் பிசிறைத் தாண்டி டிஸ்க்கையே சுரண்டுகிறீர்கள் என்று அர்த்தம். பிடித்திருக்கும் கை எப்போதும் கருவி போகும் பாதைக்கு வெளியே இருக்கட்டும்.

ரப்பர்போல வளையும் பிளாஸ்டிக்கில் ஒரு சிக்கல் உண்டு. சுரண்டினால் இழை அறுபடாமல் மடங்கி மடங்கிப் போகும். அப்படிப்பட்ட டிஸ்க்கை நான் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு சுரண்டுவேன். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துக்கொள்வதால் இழை சுலபமாகப் பிரிந்து வரும்.

சுரண்டிய பிறகும் விரலில் சொரசொரப்பு தட்டினால்தான் உப்புத்தாள். 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பென்சிலில் சுற்றி, அந்த ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று முறை இலேசாக ஓட்டுங்கள். இன்னும் வழவழப்பு வேண்டுமென்றால் 800 நம்பர். ஈரம் இருந்தால் தூள் பறந்து மூச்சில் ஏறாது, உரசும் சூட்டில் பிளாஸ்டிக் இழுபடவும் செய்யாது. இதே காரணத்தால் சுழலும் மின்கருவிகள் பக்கம் போகாதீர்கள். அந்த வேகத்தில் பிளாஸ்டிக் உருகி, எடுத்த பிசிறுக்குப் பக்கத்தில் புதுப் பிசிறு உண்டாகும்.

எப்போது நிறுத்துவது என்று கண்ணைக் கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுங்கள். எதுவும் மாட்டவில்லையா, வேலை முடிந்தது. அச்சின் கோடு அதன் பிறகும் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

டிஸ்க்கின் நடுவில் சின்ன முண்டு இருந்தால் அது பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாய். அதை விட்டுவிடலாம். நுனி கூராக இருந்தால் நுனியை மட்டும் தட்டையாக்குங்கள், தோண்ட வேண்டாம். ஓட்டை விழுந்த டிஸ்க்கும் விரிசல் விட்ட டிஸ்க்கும் விதிப்படி செல்லாதவை. எம்விபி நிறுவனத்தின் டிஸ்க்குகளைப்போல இரண்டு பிளாஸ்டிக்கைச் சேர்த்துச் செய்தவற்றில், நிறம் மாறும் இடத்தில் தட்டுப்படும் கோடு பிசிறு அல்ல, இரண்டும் இணையும் இடம். அதைச் சுரண்டக் கூடாது. இழையாக இல்லாமல் படிபோல ஒரு பக்கம் தடித்திருந்தால், அச்சுத் துண்டுகள் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். அதை நீங்கள் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. எறிந்து பார்க்கும் முன்பே கடையில் மாற்றிக் கேளுங்கள்.

போட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். டிஸ்க் கோல்ஃப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் சங்கமான பிடிஜிஏவின் விதி 813.01 பறக்கும் இயல்பை மாற்றும் திருத்தங்களைத் தடை செய்கிறது. ஆனால் வார்ப்பில் வந்த குறைகளையும் கீறல்களையும் மிதமாகத் தேய்த்துச் சமனாக்குவதை அதே விதி அனுமதிக்கிறது. அளவுக்கு மீறித் தேய்த்த டிஸ்க் செல்லாது. நான் மேலே சொன்னபடி செய்தால் நீங்கள் விதிக்குள்தான் இருக்கிறீர்கள்.

விரல் ஆறும்வரை அதில் மெல்லிய டேப் சுற்றிக்கொண்டு எறியலாம். தோல் உராய்வைக் குறைக்கும் டேப், கட்டு, கையுறை ஆகியவற்றை விதி 813.02 போட்டியிலும் அனுமதிக்கிறது. பிசிறை எடுத்த பிறகும் அதே இடத்தில் தோல் உரிந்தால் விளிம்பை மறுபடி தேய்க்காதீர்கள். டிஸ்க்கை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள்.