யுஎஸ்பி வட்டுக்கு நகலெடுக்கும்போது உறைவது: நோஏடைம் தீர்வல்ல

32 ஜிபி ராம் இருந்தும், யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரிய வீடியோ நகலெடுத்தால் லினக்ஸ் உறைகிறது, கோப்பைப் படித்த நேரத்தைப் பதியாமல் தடுக்கும் நோஏடைம் (noatime) அமைப்பைப் போட்டும் பலனில்லை என்கிறீர்கள். இருக்காதுங்க, அந்த நேரப் பதிவைக் குறைக்கும் ரிலேடைம் (relatime) ஏற்கெனவே இயல்பாக இருப்பதுதான்.

சிக்கல் எழுதும் கேஷில், அதாவது வட்டுக்குப் போகுமுன் தரவு ராமில் தேங்கும் இடத்தில். அதற்கு வரம்பு வைக்கும் விஎம்.டர்ட்டி_ரேஷியோ (vm.dirty_ratio) பொதுவாக 20 சதவீதம். கிடைக்கும் நினைவகத்தில் ஐந்திலொரு பங்கு, உங்களுக்குச் சுமார் 6 ஜிபி, வட்டுக்குப் போகாமல் தேங்கலாம். நொடிக்கு 100 எம்பி எழுதும் வட்டுக்கு அது ஒரு நிமிட வேலை. அதுவரை மற்ற நிரல்களும் காத்துக்கிடக்கும்.

கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் (sysctl) விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ் 67108864 (64 எம்பி), விஎம்.டர்ட்டி_பைட்ஸ் 268435456 (256 எம்பி) என வையுங்கள். உடனே ரேஷியோ 0 என்று காட்டும், பயப்படாதீர்கள். பைட்ஸ், ரேஷியோ இரண்டில் ஒன்றுதான் செல்லும். நகல் சதவீதம் மெதுவாக நகர்வதுபோல் தெரியும், அதுதான் வட்டின் உண்மையான வேகம்.

வட்டில் எழுதும் வரிசையைக் காக்கும் பாதுகாப்பை அணைக்கும் பேரியர்=0 (barrier=0) போடச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். கரண்ட் போனால் கோப்பு முறைமையே சிதையலாம்.