ம்கூஸேயில் இரண்டு நாள்: பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்டவை

தென்னாப்பிரிக்காவின் க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில், டர்பனிலிருந்து வடக்கே சுமார் நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது ம்கூஸே வனவிலங்குக் காப்பகம். நான் டர்பனுக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கூந்தன்குளத்தில் பிடித்த பறவைப் பைத்தியம் இங்கே வந்து முற்றிவிட்டது. நண்பர்களோடு போகத் திட்டமிடுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (டர்பன்): அக்கா, நாங்கள் ஆறு பேர். சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு. மூன்று பேர் க்ரூகர்தான் போகணும் என்கிறார்கள். நீங்கள் ஏன் ம்கூஸே என்கிறீர்கள்?

க்ரூகர் தேசியப் பூங்கா கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். டர்பனிலிருந்து அங்கே போய்ச் சேரவே ஒரு முழுப் பகல் போய்விடும். ம்கூஸே சுமார் 400 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் லெபோம்போ மலைச்சரிவு, மணற்காடு, முள்மரக்காடு, அத்திக்காடு, ந்சூமோ என்ற பெரிய ஏரி எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. வடக்கே வெப்பமண்டலத்தில் இருக்கிற பறவைகளும் தெற்கே குளிர்ப்பகுதியில் இருக்கிறவையும் சந்திக்கிற இடம் இது. அதனால்தான் இத்தனை சின்ன இடத்தில் 400க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. காப்பகமாக அறிவித்தது 1912இல். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் ஒரு பகுதி இது. ஸூலு மொழியில் இசிமங்கலிசோ என்றால் அதிசயம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பறவை என்றாலே அலுப்பு. சிங்கம் எங்கே என்பார்கள். எப்படிச் சமாளிக்க?

இது எல்லாக் கூட்டத்திலும் உண்டு. ம்கூஸேயில் சிங்கம் இருக்கிறது, 2013 டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் கண்ணில் படும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நானே இத்தனை தடவையில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு முறை வால் மட்டும்.

என் யோசனை இதுதான்: வண்டியை நிறுத்துங்கள். சிங்கம் தேடி இரண்டு நாளும் புழுதியில் சுற்றுகிறவர்கள் கடைசியில் முதுகுவலியோடுதான் திரும்புகிறார்கள். குமசிங்கா என்று ஒரு மறைவிடம் இருக்கிறது. குட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மரக்கூண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெஞ்சு, கண் மட்டத்தில் நீளமான திறப்பு. காலை ஏழு மணிக்குள் போய் மூன்று மணி நேரம் உட்காருங்கள், ஃபிளாஸ்க்கில் டீயோடு.

போன ஆகஸ்ட் மாதம் உட்கார்ந்திருந்தோம். முதல் அரை மணி நேரம் காட்டுப்புறாக்களைத் தவிர ஒன்றும் இல்லை. சிங்கம் கேட்ட நண்பர் கைப்பேசியை எடுத்துவிட்டார். அப்புறம் இம்பாலா மான்கள் வரிசையாக வந்தன. பின்னாலேயே இரண்டு ஆண் நியாலா மான்கள். நியாலாவில் பெண் செம்பழுப்பு நிறம், உடம்பில் வெள்ளைக் கோடுகள். ஆண் கரும்பழுப்பாகச் சடை தொங்க இருக்கும், கால் மட்டும் மஞ்சள் காலுறை போட்ட மாதிரி. இரண்டும் வேறு வேறு இனம் என்றே முதலில் நினைத்திருந்தேன். அந்த இரண்டு ஆண்களும் முட்டிக்கொள்ளவில்லை. முதுகுச் சடையைச் சிலிர்த்து, பக்கவாட்டில் உடம்பைக் காட்டிக்கொண்டு, பட்டு வேட்டி கசங்கிவிடுமோ என்று நடக்கிற மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து ஒன்றையொன்று சுற்றின. பத்து நிமிஷம் இருக்கும். சின்னது தலையைத் தாழ்த்தி விலகியது. நண்பரின் கைப்பேசி எப்போது பைக்குள் போனது என்று தெரியவில்லை.

பத்தரைக்கு காண்டாமிருகம் ஒன்று வந்தது. அதன் காதுக்குள் தலையை விட்டபடி ஓர் ஆக்ஸ்பெக்கர், சிவப்பு அலகு. நம் மைனாவுக்குத் தூரத்துச் சொந்தம். உண்ணி பொறுக்கும், புண் இருந்தால் கொத்தி ரத்தமும் குடிக்கும். ஆனால் காவலும் காக்கும். பக்கத்திலிருக்கிற ஷ்லூஷ்லூவே-இம்ஃபோலோசி காப்பகத்தில் கறுப்புக் காண்டாமிருகங்களை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. முதுகில் ஆக்ஸ்பெக்கர் இருந்தால், ஆள் நெருங்குவதை அவை அதிகத் தடவை கண்டுபிடித்துவிடுகின்றனவாம். ஸ்வாஹிலியில் இந்தப் பறவைக்குக் காண்டாமிருகத்தின் காவலாளி என்றே பெயர். பறவை வேண்டும் என்கிறவருக்கும் விலங்கு வேண்டும் என்கிறவருக்கும் இதைவிடப் பொதுவாக ஒன்றைக் காட்ட முடியாது.

கேள்வி (கோவை): பயணத்துக்கு எந்த மாதம் நல்லது மேடம்?

குமசிங்காவில் விலங்குக் கூட்டம் பார்க்க ஜூன் முதல் செப்டம்பர் வரை. இங்கே அது குளிர்காலம், மழை குறைவு, காட்டில் மற்ற இடமெல்லாம் வற்றிப்போகும், எல்லாம் குட்டைக்கு வந்தாக வேண்டும். புல்லும் உயரமில்லாமல் இருக்கும். பறவை எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் எங்கள் கோடையான நவம்பர் முதல் மார்ச் வரை. வலசைப் பறவைகள் வந்திருக்கும், ஆண்கள் இனப்பெருக்க நிறத்தில் இருக்கும். ஆனால் வெயிலும் புழுக்கமும் சென்னையை மறக்கடிக்கும். முதல் பயணத்துக்கு நான் ஆகஸ்ட்தான் சொல்வேன்.

கேள்வி (மதுரை): நம் ஊர்ப் பறவை எதுவும் அங்கே உண்டா?

உண்டு. கொண்டலாத்தி உண்டு, கருப்பு வெள்ளை மீன்கொத்தி உண்டு, குளிர்நாட்டிலிருந்து உங்களுக்கு வருகிற தகைவிலான் இங்கே எங்கள் கோடைக்கு வந்து சேரும். ந்சூமோ ஏரிக்கரையில் முதல் தடவை நின்றபோது கூந்தன்குளம் ஞாபகம் வந்துவிட்டது. கூழைக்கடாக்கள், பக்கத்தில் நம் சங்குவளை நாரையின் அக்கா தங்கை மாதிரி ஒரு நாரை. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் மஞ்சள் மூக்கு நாரை. நம் ஊரிலோ சங்குவளை நாரையைத்தான் அப்படிக் கூப்பிடுகிறோம். இரண்டும் ஒரே பேரினம், அலகைத் தண்ணீரில் திறந்தபடி துழாவுகிற விதமும் ஒன்றே. இங்கே துழாவுகிற இடத்துக்குப் பத்தடி தள்ளி முதலை படுத்திருக்கும், அதுதான் வித்தியாசம். நீர்யானையும் உண்டு, கரையை விட்டு இறங்காதீர்கள்.

இங்கே மட்டும் பார்க்க வேண்டியவை என்றால் இரண்டு. ஒன்று நீர்கார்ட் தேன்சிட்டு, மொசாம்பிக்கின் தென்பகுதியையும் இந்த மூலையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. இன்னொன்று பிங்க் த்ரோட்டட் ட்வின்ஸ்பாட். சில்லைக் குருவிக் குடும்பம், ரோஜா நிறத் தொண்டை, கருத்த வயிற்றில் கோலப்பொடி தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். புதருக்கு அடியில் தரையில் மேயும். அதனால் மேலேயே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். காட்டுக்குள் குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது ட்ரம்பெட்டர் இருவாச்சி.

கேள்வி (சென்னை): நண்பர் அனுப்பிய படத்தில் காண்டாமிருகத்துக்குக் கொம்பே இல்லை. வேட்டைக்காரர்கள் வேலையா?

பெரும்பாலும் காப்பகத்தாரே வெட்டியிருப்பார்கள். கொம்பில்லாவிட்டால் கொல்வதற்குக் காரணம் குறையும் என்பதுதான் கணக்கு. மயக்க ஊசி போட்டு, வேர்ப்பகுதியை விட்டுவிட்டு மேலே அறுப்பார்கள். நம் நகம் போல கெரட்டின்தான், வலிக்காது, திரும்ப வளரும், திரும்ப வெட்ட வேண்டும். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: காண்டாமிருகப் படத்தை இடக்குறிப்போடு எங்கேயும் போடாதீர்கள். நாளும் நேரமும்கூட வேண்டாம்.

கேள்வி (டர்பன்): மலேரியா மாத்திரை அவசியமா?

வடக்கு க்வாஸூலு-நட்டால் ஆபத்து குறைந்த பகுதி, ஆனால் ஆபத்தே இல்லாத பகுதி இல்லை. செப்டம்பர் முதல் மே வரை மலேரியா பருவம். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். மாலையில் முழுக்கை, கொசு மருந்து. உண்ணிக்காகக் காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், பார்க்க நன்றாக இருக்காதுதான். ந்சூமோ கரையில் மஞ்சள்பச்சைப் பட்டையோடு நிற்கிற அழகான மரங்களுக்குக் காய்ச்சல் மரம் என்று பெயர். சதுப்பில் வளர்வதால், பக்கத்தில் தங்கியவர்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்தது. அந்தக் காலத்தில் வந்த வெள்ளைக்காரர்கள் பழியை மரத்தின் மேல் போட்டுவிட்டார்கள், கொசு தப்பித்துக்கொண்டது.

கேள்வி (ஃபீனிக்ஸ், டர்பன்): சாப்பாடு என்ன செய்வது, சிஸ்டர்? சைவம்தான்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். தங்குகிற குடில்களில் சமையலறை உண்டு. புளிசாதம் இரண்டு நாள் தாங்கும். ஒரு எச்சரிக்கை: வெர்வெட் குரங்குகள். கூடாரத்து ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. ஒரு முறை இட்லிப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். மரக்கிளையில் உட்கார்ந்து ஆளுக்கொன்று வைத்திருந்தன. இட்லிப்பொடி டப்பாவைத் திறந்த குரங்கு மட்டும் தும்மிக்கொண்டே இருந்தது.

கேள்வி (திருச்சி): கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடலாமா?

கூடாது. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று கூட்டை விட்டுவிட்டு ஓடி வரும். குரலை அடையாளம் காண மட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள், ஒலிபெருக்கியை மூடிவிட்டு.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க்): அத்திக்காட்டு நடை பற்றிச் சொல்லுங்கள் அக்கா. ஆந்தை கிடைக்குமா?

துப்பாக்கியோடு வனக்காவலர் கூட வருவார், தனியாகப் போக முடியாது. நடை நடக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய காட்டத்தி மரங்கள், பழுத்த காலத்தில் கீழெல்லாம் பழம், புளித்த வாடை. நீங்கள் கேட்கிறது பெல்ஸ் மீன் ஆந்தை என்று நினைக்கிறேன். இரண்டு கிலோ வரை எடை, இஞ்சி நிறம், கண் கறுப்பு. மற்ற ஆந்தைகள் சத்தமில்லாமல் பறக்கும். இதற்கு அந்த மெத்தென்ற இறகு ஓரம் கிடையாது. தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்குச் சிறகடிப்பு கேட்கப் போவதில்லையே.

நான்காவது நடையில்தான் எனக்குக் கிடைத்தது. காவலர் திடீரென்று நின்று தரையைக் காட்டினார். மீன் செதில்கள், ஒரு பழுப்பு இறகு. மேலே பார்த்தால் இலைதான் தெரிந்தது. அவர் என் பைனாகுலரின் முனையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். கிளையின் ஒரு பகுதி கண்ணைத் திறந்தது. உடனே பறந்துவிட்டது, போர்வையை உதறுகிற மாதிரிச் சத்தத்தோடு. படம் எடுக்கவில்லை.

கேள்வி (டர்பன்): வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடித்துக் கிளம்பினால் போதுமா?

போதாது. குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கு வாசல் மூடிவிடுவார்கள், கோடையில் ஏழு. காப்பகத்துக்குள் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவும் கூடாது. நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் சாலையில் மாடும் ஆடும் படுத்திருக்கும், இருட்டில் ஓட்டுகிற சாலை அது இல்லை. மதியத்துக்கு மேல் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பன்னிரண்டரைக்குள் கிளம்புங்கள். பெட்ரோலை ம்கூஸே ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.